திறந்த மூலமும் வணிக உலகும்

விலை கேட்டு வாங்கிப் பழகிய வணிகரிடம் ஒரு பொருளை விலையின்றி எடுத்துக்கொள்ளுமாறு கூறினால் அவர் பெரிதும் மகிழ்வார் என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. அவர் ஐயுறுவார். ‘இதில் மறைந்துள்ள குறை யாது? கொடுப்பவர் பின்னர் எதனைக் கேட்பார்? பழுது நேர்ந்தால் யார் வாயிலில் போய் நிற்பது?’ என்று அவர் உள்ளம் வினவும். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை வணிக நிறுவனங்களின் மேலாளர் ஏற்குமாறு செய்ய முயன்றோர்க்கு முதற்கண் எதிர்ப்பட்ட தடை இவ்வையமே ஆகும். அது நீங்கிய வகையும், நீங்குதற்பொருட்டுக் கொடுக்கப்பட்ட விலையும் அறியத்தக்கவை.

கணிப்பொறியில் கணக்கு எழுதும் மென்பொருள், கடிதம் எழுதும் மென்பொருள், படம் காட்டும் மென்பொருள் எனப் பல உண்டு. அவை தாமே சென்று பொறியின் உறுப்புகளை ஏவுவதில்லை. அவற்றிற்கும் உறுப்புகளுக்கும் இடையே நின்று, எதற்கு எவ்வளவு இடம், எது முந்துவது, எது காத்திருப்பது என்று வகுத்துக் கொடுக்கும் தலைமை மென்பொருள் ஒன்று உண்டு. அதுவே இயங்குதளம். பெரிய திருமண வீட்டில் உக்கிராண அறையின் திறவுகோலை வைத்திருப்பவரை மாணவர் கண்டிருப்பர். அரிசியும் பருப்பும் இலையும் அவர் கையால் அளந்து வந்தாலன்றி அடுப்பும் எரியாது, பந்தியும் நடவாது. கணிப்பொறிக்குள் இயங்குதளம் செய்யும் தொழில் அத்தகையது.

இயங்குதளத்தை எழுதுவோர் மனிதர் படித்தறியத்தக்க மொழியிலேயே முதலில் எழுதுவர். அவ்வெழுத்து மூலநிரல் எனப்படும். பின்னரே அது பொறிக்கு மட்டும் விளங்கும் எண்களாக மாற்றப்படும். மென்பொருள் விற்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் எண்வடிவத்தை மட்டும் கொடுத்து, மூலநிரலைப் பூட்டி வைத்துக்கொள்ளும். நாட்டு மருத்துவர் சிலர் குளிகையைக் கொடுப்பர், செய்முறையைச் சொல்லார். அவர் உள்ளவரையில் குறையொன்றும் தோன்றாது. அவர் ஊரை விட்டுப் பெயர்ந்த பின்னரே, தம் கையில் எஞ்சியது வெறுஞ்சிமிழ் என்பதை நோயாளி உணர்வார்.

இக்குறையை நேரிற் பட்டறிந்தவர் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர். அவர் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் நிரல் எழுதும் பணியில் இருந்தார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், காத்திருப்போர்க்கு உடனே செய்தி செல்லுமாறு நிரலைத் திருத்தி வைத்திருந்தார். 1980ஆம் ஆண்டை ஒட்டிப் புதிய அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதிலும் தாள் சிக்கிற்று. ஆனால் அதனோடு மூலநிரல் வரவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து ஆய்வாளரைச் சென்று கண்டு கேட்டார். எவர்க்கும் காட்டுவதில்லை என்று தாம் எழுதிக் கொடுத்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். தாள் சிக்கியது சிறு தொல்லை. மறுப்போ ஸ்டால்மனுக்குச் சிறியதாகத் தோன்றவில்லை. 1983 செப்டம்பரில், யாவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள இயங்குதளம் ஒன்றை ஆக்கப்போவதாக அவர் அறிவித்தார். அதற்குக் ‘குனு’ எனப் பெயரிட்டார். 1989இல் அதற்கென ஒரு பொது உரிமமும் வகுத்தார். அவ்வுரிமத்தின்படி மென்பொருளை விற்கவும் செய்யலாம். ஆனால் தான் பெற்ற உரிமை அனைத்தையும் தன்னிடம் பெறுவோர்க்கும் தருதல் வேண்டும். மூலநிரலை ஒளித்தல் ஆகாது.

குனுவின் உறுப்புகள் பல முடிந்தும் அதன் நடுநின்று இயக்கும் கரு மட்டும் முற்றுப்பெறாதிருந்தது. 1991 ஆகஸ்டு மாதத்தில், பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக உலகிற்கு அறிவித்தார். அவருக்கு அப்போது வயது 21. அதனை வழங்குவோர் பணம் பெறலாகாது என்று அவர் முதலில் விதித்திருந்தார். 1992இல் அவ்விதியை நீக்கிக் குனு உரிமத்தை ஏற்றார். இம்மாற்றம் நிகழாதிருந்தால் வணிகர் எவரும் லினக்ஸை ஏறெடுத்தும் பார்த்திரார். பொருளீட்ட இடந்தராத ஒன்றைச் சந்தைக்குக் கொண்டு செல்வார் யார்?

மேலாளரின் அறைக்குள் நுழையுமுன் லினக்ஸ் அலுவலகங்களின் பின்னறையில் நுழைந்துவிட்டது. 1990களின் நடுவில் பல நிறுவனங்களின் பொறியாளர், எவரும் வேண்டாமென ஒதுக்கிய பழைய கணிப்பொறிகளில் அதனை நிறுவி, மின்னஞ்சல் அனுப்பவும் கோப்புகளைக் காக்கவும் பயன்படுத்தினர். ‘எம் நிறுவனத்தில் லினக்ஸ் இல்லை’ என்று மேலாளர் உறுதி கூறிக்கொண்டிருக்க, அவருடைய கடிதங்களையே அது சுமந்து சென்றதும் உண்டு. திருட்டுத்தனமாகப் புகுந்தது எனினும், நன்கு உழைத்தமையால் அதுவே பின்னர் நற்சான்றாயிற்று.

இனி, பெயரால் விளைந்த இடர்ப்பாட்டைக் காண்போம். ஸ்டால்மன் தம் மென்பொருளுக்கு இட்ட அடைமொழி ‘ஃபிரீ’ என்னும் ஆங்கிலச் சொல். அச்சொல் ‘விலையில்லாதது’ என்றும் பொருள்படும். ‘கட்டுப்பாடற்றது’ என்றும் பொருள்படும். அவர் கருதியது இரண்டாவது பொருள். கேட்ட மேலாளர் கொண்டதோ முதற்பொருள். சிலேடை பாடுவோர்க்கு இத்தகைய சொல் நற்பேறு. ஒப்பந்தம் எழுதுவோர்க்கு அதுவே தீங்கு. தமிழில் இவ்விடர் இல்லை. ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு. ‘கட்டற்ற மென்பொருள்’ என்று தமிழர் இன்று வழங்கும் தொடரில் விலைக்கு இடமே இல்லை. ஆங்கிலத்தில் அங்ஙனம் பிரித்துச் சொல்ல ஒரு சொல் அகப்படாமையால், ‘இது விலையைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது’ என்று ஒவ்வோர் அவையிலும் முதலில் விளக்கவேண்டியிருந்தது. விளக்கம் முடியுமுன் மேலாளரின் பொறுமை முடிந்துவிடும். விளங்கிக்கொண்டவரும், உரிமை என்னும் சொல்லில் அரசியல் வாடை வீசுவதாகக் கருதி ஒதுங்கினர்.

1998 ஜனவரி 22ஆம் நாள், இணைய உலாவி செய்து விற்ற நெட்ஸ்கேப் என்னும் புகழ்பெற்ற நிறுவனம், தன் உலாவியின் மூலநிரலை உலகிற்கு வெளியிடப்போவதாக அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் உலாவியை விலையின்றியே கொடுத்துச் சந்தையைக் கைப்பற்றி வந்த காலம் அது. தோல்வி நெருங்கியபோதே நெட்ஸ்கேப் கதவைத் திறந்தது என்று கூறுதல் பொருந்தும். எனினும் பெருநிறுவனம் ஒன்று மூலநிரலைத் திறந்துவிடத் துணிந்தமை பிற மேலாளரின் செவியை இப்பக்கம் திருப்பிற்று. இந்த வாய்ப்பை நழுவவிடலாகாது என எண்ணிய சிலர், பிப்ரவரித் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் கூடினர். எரிக் ரேமண்டு, லாரி ஆகஸ்டின், கிறிஸ்டின் பீட்டர்சன் முதலியோர் அக்கூட்டத்தில் இருந்தனர்.

‘திறந்த மூலம்’ என்னும் பெயரைக் கண்டவர் பீட்டர்சன் அம்மையார். அதனைக் கூட்டத்தில் எழுந்து முன்மொழிய அவர் தயங்கினார்; அங்கிருந்த நிரலர் நடுவே தாம் புதியவர் என்பது அவர் எண்ணம். அவருடைய நண்பர் டாட் ஆண்டர்சன் ஓர் உத்தி செய்தார். முன்மொழிவு எதுவும் கூறாமல், பேச்சினிடையே அத்தொடரை இயல்பாகப் பயன்படுத்திவிட்டார். சிறிது நேரத்தில் மற்றொருவர் தம்மை அறியாமலே அதே தொடரைக் கூறினார். கூட்டம் முடிவதற்குள் அச்சொல் நிலைத்துவிட்டது. இதனைப் பீட்டர்சனே பின்னாளில் எழுதியுள்ளார். புதுச்சொல் ஆக்குவோர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்வது நன்று; ஆணையிட்டுப் புகுத்திய சொற்கள் பல ஏட்டிலேயே கிடந்து மடிய, வாய்க்கு இசைந்த இச்சொல் ஒரே மாலையில் வேர்கொண்டது. அம்மாதத்திலேயே எரிக் ரேமண்டும் புரூஸ் பெரன்சும் அப்பெயரைக் காக்க ஓர் அமைப்பை நிறுவினர்.

பெயர் மாறியதும் பேச்சும் மாறிற்று. உரிமை, அறம் என்னும் சொற்கள் பின்னுக்குச் சென்றன. பிழை விரைவில் அகப்படும், ஒரே விற்பனையாளரிடம் சிறைப்படாமல் இருக்கலாம், தேவைக்கேற்பத் திருத்தலாம் என்பன முன்னுக்கு வந்தன. பழஞ்சுவடி ஒன்றைப் பதிப்பிப்பவர் ஒரே ஏட்டை நம்பார். பல ஊர் ஏடுகளை ஒப்பிட்டே பிழை களைவார். பலர் கண்பட்ட நிரலில் பிழை ஒளிந்து நெடுநாள் இராது என்னும் வாதமும் அத்தன்மையதே. மேலாளர்க்கு இவ்வாதம் விளங்கிற்று. ஸ்டால்மன் மட்டும் இப்பெயரை ஏற்கவில்லை. பயனை மட்டும் கூறி உரிமையை மறைத்தால், நாளை வேறொருவர் அதனினும் பயனுள்ள பூட்டிய பொருளைக் காட்டும்போது மக்கள் அங்கே சென்றுவிடுவர் என்பது அவர் கூற்று. அவர் பிடிவாதக்காரர் என்று பலர் குறைகூறினர். ஆயினும் அவர் கூற்றில் உள்ள உண்மையைத் தள்ளுதல் எளிதன்று.

சொல் கதவைத் திறந்தது. ஆனால் ‘பழுது நேர்ந்தால் யார் பொறுப்பு?’ என்னும் வினாவிற்குச் சொல்லால் மட்டும் விடை கூற இயலாது. அதற்கு விடையாக வந்தவை ரெட் ஹாட் போன்ற நிறுவனங்கள். 1993இல் தோன்றிய ரெட் ஹாட், லினக்ஸை ஆய்ந்து தொகுத்து, ஆண்டுச் சந்தா பெற்றுக்கொண்டு, பிழை திருத்தித் தரவும் இடர் நேர்ந்தபோது உதவவும் பொறுப்பேற்றது. மென்பொருளுக்கு விலையில்லை, பொறுப்பிற்கு விலையுண்டு. மேலாளர் விரும்பியதும் இதுவே. கையொப்பமிட ஓர் ஒப்பந்தமும், நள்ளிரவில் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணும் கிடைத்தபோது அவர் அச்சம் பாதி நீங்கிற்று. அந்நிறுவனத்துடன் பின்னர் மனக்கசப்பு நேர்ந்தாலும், அதே நிரலை வேறொருவரிடம் கொடுத்துப் பேணச் செய்யலாம் என்பது மீதி அச்சத்தையும் குறைத்தது. பூட்டிய மென்பொருளில் இவ்வாய்ப்பு இல்லை.

2000 டிசம்பரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவர் லூயி கெர்ஸ்ட்னர், அடுத்த ஆண்டில் லினக்ஸிற்காக 100 கோடி டாலர் செலவிடப்போவதாக அறிவித்தார். இஃது அறச்செயலன்று. அந்நிறுவனம் விற்ற பலவகைக் கணிப்பொறிகளில் ஒவ்வொன்றிற்கும் தனித்தனி இயங்குதளம் இருந்தது. ஒன்றிற்கு எழுதிய மென்பொருள் மற்றொன்றில் ஓடாது. அனைத்திலும் ஓடவல்ல லினக்ஸ் அதற்கு வாய்ப்பாக அமைந்தது. காரணம் எதுவாயினும், மேலாளர் உலகில் ஐ.பி.எம். என்னும் பெயருக்கு இருந்த மதிப்பு லினக்ஸின் மீதும் படிந்தது.

செலவு குறைந்ததற்கும் சான்று வந்தது. இணையவழி வணிகம் செய்யும் அமேசான், 2001ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் தன் தொழில்நுட்பச் செலவு, முந்திய ஆண்டின் அதே காலத்து 7 கோடியே 10 லட்சம் டாலரிலிருந்து 5 கோடியே 40 லட்சம் டாலராகக் குறைந்ததாக அரசிடம் தாக்கல் செய்த அறிக்கையில் கூறி, லினக்ஸிற்கு மாறியதை அதன் தலையாய காரணமாகக் காட்டியது. தொலைத்தொடர்புக் கட்டணம் குறைந்ததும் ஒரு காரணம் என்று அவ்வறிக்கையே கூறுகிறது. இப்பிற்பகுதியை லினக்ஸைப் பரப்பியோர் பலர் எடுத்துரைக்கவில்லை. பிறரை இணங்கச் செய்ய முயல்வோர் பலரிடம் காணப்படும் குறை இது.

எதிர்ப்பும் ஓங்கிற்று. 2001இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தலைமை அலுவலர் ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டார். பயிற்சி, பராமரிப்பு, பழைய ஆவணங்களை மாற்றுதல் ஆகியவற்றின் செலவைக் கூட்டிப் பார்த்தால் விலையில்லாப் பொருளே விலையுயர்ந்ததாகும் என்று அந்நிறுவனம் விளம்பரமும் செய்தது. வசையைத் தள்ளலாம், செலவுக் கணக்கைத் தள்ளலாகாது. மாறுதற்கு ஆகும் செலவை மறைத்து மேலாளரை இணங்கச் செய்தோர், ஓராண்டு கழித்து அவர் முகத்தில் விழிக்க இயலாமற் போயினர்.

2003 மார்ச்சில் எஸ்.சி.ஓ. என்னும் நிறுவனம், தனக்கு உரிமையான நிரலை லினக்ஸில் சேர்த்துவிட்டதாக ஐ.பி.எம். மீது வழக்குத் தொடுத்தது. அடுத்த சில வாரங்களில், லினக்ஸைப் பயன்படுத்துவோரும் வழக்கிற்கு உட்படக்கூடும் என்று ஏறத்தாழ 1,500 பெருநிறுவனங்களுக்குக் கடிதம் விடுத்தது. மேலாளரின் பழைய அச்சம் புத்துயிர் பெற்றது. அப்போது எச்.பி. நிறுவனம், தன்னிடம் லினக்ஸ் பெற்றோர் மீது எஸ்.சி.ஓ. வழக்கிட்டால் அச்சுமையைத் தானே ஏற்பதாக உறுதியளித்தது. பிறரும் அவ்வழியைப் பின்பற்றினர். வழக்கிற்கு அடிப்படையான பதிப்புரிமை எஸ்.சி.ஓ.விடம் இல்லை, நாவல் என்னும் நிறுவனத்திடமே உள்ளது என்று 2010இல் அமெரிக்க நடுவர் குழு முடிவு கூறிற்று. வழக்கின் எச்சங்கள் முற்றும் தீர 2021 வரை ஆயிற்று.

பணம் நொடிதோறும் கைமாறும் பங்குச் சந்தைகளும் மெல்ல மெல்ல இப்பக்கம் வந்தன. மைக்ரோசாஃப்ட் தொழில்நுட்பத்தில் அமைந்திருந்த இலண்டன் பங்குச் சந்தையின் வணிகம் 2008 செப்டம்பர் 8ஆம் நாள் ஏறத்தாழ ஏழு மணி நேரம் முடங்கியது. அடுத்த ஆண்டு அச்சந்தை, இலங்கையில் கொழும்புக்கு அருகே மாலபேயில் இயங்கிய மில்லேனியம் ஐ.டி. என்னும் நிறுவனத்தையே விலைக்கு வாங்கிற்று. அந்நிறுவனத்தார் ஆக்கிய, லினக்ஸின் மேல் இயங்கும் ஏற்பாட்டிற்கு 2011 பிப்ரவரியில் சந்தை மாறியது. புதிய ஏற்பாடும் அம்மாதத்திலேயே ஒருநாள் காலையில் சில மணி நேரம் நின்றுவிட்டது என்பதையும் மறைத்தல் ஆகாது. ஆயினும் அதற்காகச் சந்தை பின்வாங்கவில்லை.

அலுவலர் ஒவ்வொருவரின் மேசை மேலும் லினக்ஸ் இதே வெற்றியைப் பெற்றதெனக் கூறுதற்கில்லை. ஜெர்மானிய நாட்டு மியூனிக் நகராட்சி, ஏறத்தாழ 14,000 கணிப்பொறிகளை லினக்ஸிற்கு மாற்ற 2003இல் தீர்மானித்தது. அதனைத் தடுக்கப் பால்மர் தம் விடுமுறையையும் இடைநிறுத்தி மேயரை நேரிற் கண்டு பேசினார், பயனில்லை. 2013இல் மாற்றம் நிறைவேறிற்று. 2017இல், மேயர் மாறிய பின்னர், மீண்டும் விண்டோசுக்கே திரும்புவதென நகரமன்றம் முடிவு செய்தது. பிற அலுவலகங்கள் அனுப்பும் ஆவணங்கள் சரிவரத் திறவாமை, பழகிய மென்பொருள் சில கிடைக்காமை ஆகியவை நெடுநாள் முறையீடுகளாக இருந்தன. பின்னறையில் ஓடும் பொறியில் இயங்குதளம் மாறியதை அலுவலர் அறியார். தம் மேசையில் மாறினால் அன்றே முறையிடுவர். இவ்வேறுபாட்டை உணராமல் அனைத்தையும் ஒருங்கே மாற்ற முனைந்தோர் இடர்ப்பட்டனர்.

பின்னறையிலோ வாதமே முடிந்துவிட்டது. 2016இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே லினக்ஸ் அறக்கட்டளையில் உறுப்பினராகச் சேர்ந்தது. 2017 நவம்பர் முதல், உலகின் மிகுவிரைவுக் கணிப்பொறிகள் 500 அடங்கிய பட்டியலில் லினக்ஸ் அல்லாதது ஒன்றும் இல்லை. 2019இல் ஐ.பி.எம். 3,400 கோடி டாலர் கொடுத்து ரெட் ஹாட் நிறுவனத்தை வாங்கிற்று. ஏற்கலாமா என்று வினவிய மேலாளரின் காலம் கழிந்தது. ஏற்றுக்கொண்டதை நிரலாக எழுதிப் பேணுவோர் யார் என்று வினவும் மேலாளர் மட்டும் மிகச் சிலரே.

லினக்ஸுடன் வழங்கப்படும் சிறுகருவிகளுள் ‘எக்ஸ்.இசட்.’ என்பதொன்று. கோப்புகளைச் சுருக்குவது அதன் தொழில். உலகெங்கும் எண்ணிறந்த பொறிகளில் இருக்கும் அதனை நெடுங்காலம் தனியொருவரே ஊதியமின்றிப் பேணி வந்தார். உடலும் உள்ளமும் சோர்ந்திருந்த காலத்தில், உதவ முன்வந்த ஒருவருக்கு அவர் பொறுப்பிற் பங்கு கொடுத்தார். வந்தவர் இரண்டாண்டுகளுக்கு மேல் நல்லுழைப்பால் நம்பிக்கை பெற்று, 2024 தொடக்கத்தில், பிறர் பொறிக்குள் கள்ளமாக நுழையும் வழியொன்றை அக்கருவிக்குள் ஒளித்துவைத்தார். அது பெரும்பாலான நிறுவனங்களைச் சென்றடையுமுன், அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஆண்ட்ரெஸ் பிராய்ண்டு என்னும் பொறியாளர், தம் பொறியில் தொலைவிலிருந்து நுழைய வழக்கத்தினும் ஏறத்தாழ அரை நொடி மிகுதியாவதைக் கண்டு ஐயுற்றார். மூலநிரல் திறந்திருந்தமையால் உள்ளே சென்று தேட அவரால் இயன்றது. தேடிக் கண்டதை உலகிற்கு அறிவித்தார். அவர் ஊதியம் பெற்று வந்த நிறுவனம் மைக்ரோசாஃப்ட்.